லாபக் கணக்கு இல்லாத இடத்தில் எதை எதோடு ஒப்பிடுவது?

“தனியார் கம்பெனிகள் போட்டியாளரைப் பார்த்துத் தங்களை அளந்துகொள்கின்றன, புரிகிறது. லாபமும் கிடையாது, போட்டியும் கிடையாது என்றிருக்கும் நகராட்சியிலும் குடிநீர் வாரியத்திலும் பெஞ்ச்மார்க்கிங், அதாவது தன் வேலையை அளந்து மற்றவர் வேலையோடு ஒப்பிடுவது, எதற்கு? நிரப்ப வேண்டிய படிவம் இன்னொன்று கூடுவதைத் தவிர வேறு ஏதாவது நடக்கிறதா?” இதுதான் உங்கள் கேள்வி.

நடக்கிறது. ஆனால் நடக்கும் இடங்கள் குறைவு. நடக்காத இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான்: எண் எவ்வளவு என்று மேலிடம் கேட்கும், அந்த எண் எப்படி வந்தது என்று கேட்காது. அதுவரை யாரும் அளக்காமல் விட்டதை அளக்க வைப்பதுதான் அரசுத் துறையில் பெஞ்ச்மார்க்கிங்கின் முதல் பயன் என்பது என் கருத்து. யார் முதலிடம், யார் கடைசி என்பதெல்லாம் வெகு பின்னால் வர வேண்டியவை. குடிநீரை வைத்தே சொல்கிறேன். இந்தியாவில் இந்த முயற்சி ஓரளவு முறையாக நடந்த துறை அது.

அதற்கு முன், தனியார் துறையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த முறையைப் பிரபலமாக்கியது ஜெராக்ஸ் நிறுவனம். ஜப்பானியர்கள் தன்னைவிட மலிவாக நகல் இயந்திரம் விற்பதைக் கண்டு, 1979-இல் தன் உற்பத்திச் செலவை அவர்களுடைய செலவோடு பாகம் பாகமாக ஒப்பிட ஆரம்பித்தது. பின்னர் கிடங்கில் சரக்கு எடுத்து அனுப்பும் வேலையில் தான் பின்தங்கியிருப்பது தெரிந்தபோது, அந்த ஆட்கள் போய்ப் பார்த்தது எல்.எல்.பீன் என்ற கம்பெனியை. துணிமணியும் முகாம் சாமான்களும் தபாலில் விற்கிற கம்பெனி அது. ஜெராக்ஸுக்குப் போட்டியே கிடையாது. ஆகவே போட்டி இருந்தால்தான் ஒப்பிட முடியும் என்பது ஜெராக்ஸுக்கே பொருந்தவில்லை. அரசு அமைப்புக்கு இதில் ஒரு கூடுதல் வசதியும் உண்டு. பக்கத்து ஊர் நகராட்சி தன் பம்பு ஹவுஸ் லாக் புக்கை உங்களிடமிருந்து மறைப்பதற்குத் தொழில் ரகசியம் எதுவும் இல்லை. கேட்டால் காட்டுவார்கள். கேட்பவர்தான் இல்லை.

இந்தியக் கதைக்கு வருவோம். 2008-இல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் சேவைத் தர அளவுகோல்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. குடிநீர், கழிவுநீர், திடக்கழிவு, மழைநீர் வடிகால் என நான்கு துறைகள். மொத்தம் 28 குறியீடுகள். குடிநீருக்கு மட்டும் ஒன்பது. எல்லா வீட்டுக்கும் இணைப்பு, ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், எல்லா இணைப்புக்கும் மீட்டர், வருவாய் தராமல் போகும் தண்ணீர் 20 சதவீதத்துக்குள், 24 மணி நேர விநியோகம், தரப் பரிசோதனையில் நூற்றுக்கு நூறு, புகார்களில் 80 சதவீதம் உரிய நேரத்தில் தீர்வு, இயக்கச் செலவு முழுவதும் கட்டணத்தில் திரும்புதல், போட்ட பில்லில் 90 சதவீதம் வசூல்.

வெள்ளியும் செவ்வாயும் மட்டும் தண்ணீர் வருகிற ஊர்க்காரர் இந்தப் பட்டியலைப் படித்தால் சிரிப்பார். அந்தக் கையேட்டின் உண்மையான சாதனை இந்த இலக்குகளில் இல்லை என்பேன். ஒவ்வொரு குறியீட்டுக்கும் பக்கத்தில், அந்த எண் எவ்வளவு நம்பகமானது என்று ‘ஏ’ முதல் ‘டி’ வரை ஒரு தரம் போடச் சொன்னார்கள். மீட்டரில் அளந்து கணக்கிட்டிருந்தால் ‘ஏ’. பம்பு ஓடிய நேரத்தை அதன் குதிரைத்திறனோடு பெருக்கி ஊகித்ததெல்லாம் அடியில். இந்த ஒரு யோசனைக்காகவே அதை எழுதியவர்களைப் பாராட்டலாம். வருத்தம் என்னவென்றால், பிற்பாடு வந்த அறிக்கைகளிலும் செய்திகளிலும் முதலில் காணாமல் போனதும் அந்தத் தரப் பத்திதான்.

அது ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் பேர் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்நிலைத் தொட்டிகளிலிருந்து தினமும் 135 லட்சம் லிட்டர் இறங்குகிறது. வகுத்தால் ஆளுக்கு 135 லிட்டர். இலக்கை எட்டியாயிற்று, கோப்பில் பச்சை மை. ஆனால் வழியில் 40 சதவீதம் கசிந்தும் திருட்டு இணைப்பில் போயும் தொலைகிறது என்றால், வீட்டுக்கு வந்து சேர்வது ஆளுக்கு 81 லிட்டர்தான். வீட்டில் மீட்டர் இல்லாத வரை இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை யாராலும் காட்ட முடியாது. அதைவிட வேடிக்கை, குழாய் உடைந்து கசிவு கூடினால் அதை ஈடுகட்டப் பம்பை அதிக நேரம் ஓட்டுவார்கள். தொட்டியிலிருந்து இறங்கும் அளவு கூடும். காகிதத்தில் ‘தலைக்கு இத்தனை லிட்டர்’ உயரும். ஊர் மோசமாக ஆக ஆக மதிப்பெண் நன்றாக ஆகும்.

வருவாய் தராத தண்ணீர் என்ற குறியீடு இன்னும் சிக்கல். உள்ளே விட்ட தண்ணீரிலிருந்து விற்ற தண்ணீரைக் கழிக்க வேண்டும். விற்றதை அளக்க வீட்டு மீட்டர் வேண்டும். சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள்: பெரும்பாலான வீடுகளுக்கு நீண்டகாலமாக இருப்பது மாதம் இவ்வளவு என்கிற நிலைக் கட்டணம், அதோடு சொத்து மதிப்பை வைத்துக் குடிநீர் வரி. எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்ற கேள்வியே அதில் எழாது. அங்கே இருந்து ஒரு கசிவு விகிதம் அறிக்கையில் வந்தால், அதைக் கீழே வைத்துவிட்டு “இது எப்படிக் கிடைத்தது?” என்று கேட்பதுதான் ஒழுங்கான வேலை. இதே நிலையில்தான் இந்தியாவின் பெரும்பாலான நகரங்களும் இருந்தன. எனவே முதல் சுற்று ஒப்பீட்டின் நேர்மையான முடிவு, எந்த ஊர் சிறந்தது என்று நமக்குத் தெரியாது என்பதுதான். ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் எது தெரியாது என்பது அப்போதுதான் பட்டியலாகக் கைக்கு வந்தது.

கர்நாடகத்தில் இதற்கு ஒரு நல்ல மறுபக்கம் உண்டு. உலக வங்கி உதவியோடு ஹுப்ளி, தார்வாட், பெல்காம், குல்பர்கா ஊர்களின் சில பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து, பழைய குழாய்களை மாற்றி, ஒவ்வொரு இணைப்புக்கும் மீட்டர் வைத்து, 2008 வாக்கில் 24 மணி நேர விநியோகம் தொடங்கினார்கள். அந்த ஊர்களின் மக்கள்தொகையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். ஒரே ஊர், ஒரே ஆறு, ஒரே அதிகாரிகள். ஒரு தெருவில் இருபத்து நான்கு மணி நேரமும் வருகிறது, அடுத்த தெருவில் சில நாளைக்கு ஒருமுறை. “நம்ம ஊருக்கு ஒத்துவராது” என்ற வழக்கமான பதிலை அங்கே யாரும் சொல்ல முடியவில்லை. தொலைதூர நகரத்தோடு ஒப்பிடுவதைவிட இப்படி ஒரே ஊருக்குள் ஒப்பிடுவதற்குத்தான் வலிமை அதிகம்.

சரி, எண்கள் நம்பகமானவை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் யாரோடு ஒப்பிடுவது என்ற கேள்வி நிற்கிறது. ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு ஆகும் செலவில் சென்னையையும் கோவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சென்னை ஊதாரியாகத் தெரியும். கோவைக்குச் சிறுவாணித் தண்ணீர் மலையிலிருந்து புவியீர்ப்பில் இறங்கி வருகிறது. பம்பு செய்யும் வேலையே அநேகமாக இல்லை. சென்னைக்கு 2004 முதல் வீராணம் தண்ணீர் கடலூர் மாவட்டத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வருகிறது. 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறன் கொண்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் ஆகும். இந்த வித்தியாசத்துக்கு எந்தப் பொறியாளரும் பொறுப்பில்லை, பூகோளம்தான் பொறுப்பு. கோவையிலேயே அதன் இன்னொரு ஆதாரமான பில்லூர் அணைத் தண்ணீரையும் சிறுவாணித் தண்ணீரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரண்டைப் பற்றியும் ஒன்றும் தெரியாமல் போகும்.

இதற்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் கண்ட வழி எனக்குப் பிடிக்கும். அங்கே மொத்தம் 32 உள்ளாட்சி மன்றங்கள். எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தாமல், சமூக நிலை, மக்கள் அடர்த்தி போன்றவற்றில் ஒத்திருப்பவர்களை எட்டு எட்டாகப் பிரித்து ‘குடும்பக் குழு’ என்று வைத்திருக்கிறார்கள். தீவுக் கூட்டங்களை கிளாஸ்கோவோடு ஒப்பிட வேண்டியதில்லை. எண்கள் வெளியான பிறகு அந்த எட்டுப் பேரும் உட்கார்ந்து, “உங்களுக்கு மட்டும் ஏன் செலவு குறைவு?” என்று பேசுவதுதான் திட்டத்தின் மையம். இங்கிலாந்திலும் உள்ளாட்சி நிதிக் கணக்காளர்களின் அமைப்பு, ஒவ்வொரு மன்றத்துக்கும் அதன் ‘நெருங்கிய அண்டை’ யார் என்று புள்ளிவிவர அடிப்படையில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இங்கே அண்டை என்பது எல்லையைத் தொட்டுக்கொண்டிருப்பவர் அல்லர், குணத்தில் ஒத்தவர்.

இதுவரை சொன்னது ஒப்பீட்டைக் கற்றுக்கொள்ளப் பயன்படுத்துவது. அரசுகளுக்கு இதில் பொறுமை குறைவு. எண் கையில் வந்ததும் அதோடு பணத்தையோ மானத்தையோ கட்டிவிடுவார்கள். அப்படிக் கட்டுவதால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் சான்றுகள் என்னைப் பொய்யனாக்கிவிடும்.

இங்கிலாந்தில் 2001 முதல் 2005 வரை அரசு மருத்துவமனைகளுக்கு நட்சத்திரத் தரம் கொடுத்தார்கள். பூஜ்யம் வாங்கிய மருத்துவமனையின் பெயர் நாளிதழில் வரும், அதன் தலைமை நிர்வாகியின் நாற்காலி ஆடும். அதே காலத்தில், அதே பொது சுகாதாரச் சேவையைக் கொண்ட வேல்ஸில் இந்தத் தரவரிசை கிடையாது. அறுவை சிகிச்சைக்காக நெடுநாள் காத்திருந்தவர்களின் எண்ணிக்கை இங்கிலாந்தில் மளமளவென்று குறைந்தது. வேல்ஸில் அப்படி நடக்கவில்லை. ஆக, அவமானம் வேலை செய்கிறது.

ஆனால் அது எந்த வேலையைச் செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான அழைப்புகளில் 75 சதவீதத்துக்கு ஆம்புலன்ஸ் எட்டு நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது அப்போதைய இலக்கு. சில ஆம்புலன்ஸ் அமைப்புகளின் பதிவுகளை வரைபடமாக்கியபோது எட்டாவது நிமிடத்தை ஒட்டி ஒரு பெரிய குவியலும், அதைத் தாண்டியவுடன் திடீர்ப் பள்ளமும் தெரிந்தன. நிஜச் சாலையில் வண்டிகள் அப்படி ஓடுவதில்லை. நேரத்தை எழுதியவர்தான் அப்படி எழுதியிருக்கிறார். அவசர சிகிச்சைப் பிரிவில் நான்கு மணி நேரத்துக்குள் நோயாளியைப் பார்த்து முடிக்க வேண்டும் என்ற இலக்கு வந்தபோது, நான்காவது மணி முடிவதற்குச் சற்று முன்பு கூட்டமாக நோயாளிகள் வேறு வார்டுக்கு மாற்றப்பட்டார்கள். ஆம்புலன்ஸை வாசலிலேயே நிறுத்திவைத்தால் கடிகாரம் ஓடத் தொடங்காது என்ற உத்தியும் கண்டுபிடிக்கப்பட்டது. இதன் மிக மோசமான வடிவத்தை ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் பார்த்தார்கள். 2005 முதல் 2009 வரை அங்கே நோயாளிகள் தண்ணீருக்கும் சுத்தத்துக்கும் தவித்த அவலத்தை விசாரித்த ராபர்ட் ஃபிரான்சிஸ் குழு, நிர்வாகத்தின் கவனமெல்லாம் இலக்குகளிலும் நிதிக் கணக்கிலும் இருந்ததை 2013 அறிக்கையில் எடுத்துச் சொன்னது.

நம் பக்கம் மானத்தைவிடப் பணம்தான் முன்னால் வந்தது. 2010 முதல் 2015 வரைக்கான பதின்மூன்றாவது நிதிக்குழு, உள்ளாட்சிகளுக்கான ஊக்க மானியத்துக்கு விதித்த நிபந்தனைகளில் ஒன்று, மேலே சொன்ன நான்கு துறைகளிலும் அடுத்த ஆண்டு எட்டப்போகும் தரத்தை ஒவ்வொரு நகராட்சியும் மார்ச் 31-க்குள் அரசிதழில் அறிவிக்க வேண்டும் என்பது. நிபந்தனையின் சொற்களைக் கவனியுங்கள்: அறிவிக்க வேண்டும். எட்டியாக வேண்டும் என்று இல்லை. எனவே அறிவிப்பு வந்தது. மார்ச் கடைசி வாரத்தில் நகராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும், இந்த ஆண்டு எண்ணோடு ஐந்தைக் கூட்டி அடுத்த ஆண்டு இலக்காக எழுதுவது எவ்வளவு சுலபம் என்று தெரியும். அப்படியிருந்தும் இதை முழு வீண் என்று தள்ள மாட்டேன். அதுவரை ஒரு சிறு நகராட்சியின் குடிநீர் நிலவரம் எந்தப் பொது ஆவணத்திலும் வராத நிலையிலிருந்து, அரசிதழைக் காட்டி மன்றக் கூட்டத்தில் ஒரு கவுன்சிலர் கேள்வி கேட்கலாம் என்ற நிலைக்காவது வந்தது.

தரவரிசையின் ஆசை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு உலக வங்கியே சாட்சி. தொழில் தொடங்க எந்த நாடு வசதி என்று அது ஆண்டுதோறும் வெளியிட்ட பட்டியலில் இந்தியா 142-லிருந்து 63-க்கு ஏறியது. இந்தியாவுக்கான மதிப்பீடு டெல்லி, மும்பை என்ற இரண்டே நகரங்களை வைத்துப் போடப்பட்டது என்பதைக் கொண்டாட்டத்தில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. கடைசியில் சீனா, சவுதி உள்ளிட்ட சில நாடுகளின் தரவுகளில் முறைகேடு என்று தெரிந்து, 2021 செப்டம்பரில் அந்தப் பட்டியலையே வங்கி நிறுத்திவிட்டது.

இந்தூர் மாதிரி நல்ல உதாரணமும் தரவரிசையிலிருந்து வந்திருக்கிறது என்பீர்கள். உண்மைதான். மத்திய அரசு 2016-இல் 73 நகரங்களோடு தொடங்கிய தூய்மைக் கணக்கெடுப்பில் 2017 முதல் இந்தூர் ஆண்டாண்டாக முதலிடம் பிடித்தது. ஆனால் மற்ற ஊர்க்காரர்களுக்குப் பயன்பட்டது அந்த ‘முதலிடம்’ என்ற சொல் அல்ல. தெருமுனைக் குப்பைத்தொட்டிகளை எடுத்துவிட்டு, வீட்டு வாசலிலேயே தரம் பிரித்து வாங்கும் வண்டிகளை அவர்கள் எப்படி ஓட்டினார்கள் என்பதைப் போய்ப் பார்த்ததுதான் பயன்பட்டது. ஜெராக்ஸ்காரர்கள் கிடங்கைப் பார்க்கப் போனதும் இதே வகைதான்.

நடுவழி ஒன்று உண்டு: ஊரை அதன் நேற்றைய நிலையோடு ஒப்பிடுவது. 2018 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய முன்னேறத் துடிக்கும் மாவட்டங்கள் திட்டத்தில் 112 மாவட்டங்களை 49 குறியீடுகளில் அளக்கிறார்கள்; தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும் அதில் இருக்கின்றன. மாதாந்திர வரிசை, எவ்வளவு உயரத்தில் இருக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு எவ்வளவு ஏறினார்கள் என்பதை வைத்துப் போடப்படுகிறது. பின்தங்கிய மாவட்டத்தை கோவையோடு ஒப்பிட்டு நோகடிப்பதைவிட இது நியாயம். மாவட்டமே தரும் எண்களை வெளியார் கணக்கெடுப்பு மூலம் சரிபார்க்கவும் ஏற்பாடு செய்தார்கள். குறை இல்லாமல் இல்லை. அடிமட்டத்தில் இருப்பவர் முதல் பத்துப் படி ஏறுவது சுலபம், ஏற்கெனவே மேலே இருப்பவருக்கு ஒரு படியே பாடு.

பேருந்துக் கழகங்களில் கிலோமீட்டருக்கு வருவாய் என்ற குறியீட்டைப் பற்றி ஒரே வரி: தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் மகளிருக்குக் கட்டணம் இல்லை, ஈட்டை அரசு தருகிறது, எனவே அதற்கு முந்திய ஆண்டுகளோடோ அப்படித் திட்டம் இல்லாத மாநிலங்களோடோ அந்த எண்ணை ஒப்பிடுகிற கட்டுரை எதையும் படிக்க வேண்டாம். கொள்கையால் வேண்டுமென்றே குறைத்த ஒன்றைத் திறமைக் குறைவு என்று படிப்பது லாபக் கணக்குக் கண்ணாடியை அரசுக்கு மாட்டிவிடுவதன் விளைவு.

உங்கள் நகராட்சியில் இதைச் செய்யச் சொல்லி உத்தரவு வந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 28 குறியீட்டையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். மூன்று போதும். உங்கள் ஊர் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தில் இருந்தால், அதே திட்டத்தில் தண்ணீர் வாங்கும் இரண்டு மூன்று நகராட்சிகளைப் பிடியுங்கள். ஒரே ஆறு, ஒரே தண்ணீர், குடிநீர் வடிகால் வாரியம் போடுவது ஒரே விலை. ஊருக்குள் எவ்வளவு வந்தது என்பது அந்த வாரிய பில்லிலேயே கிலோ லிட்டரில் இருக்கும், ஊகிக்க வேண்டியதில்லை.

அடுத்து, ஊருக்குள் நீங்கள் ஓட்டும் பம்புகளின் மின் கட்டண அட்டை. எத்தனை யூனிட், எத்தனை கிலோ லிட்டர் என்று வகுத்து மற்ற ஊர்களோடு வையுங்கள். தண்ணீர் ஏற வேண்டிய உயரம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் உங்கள் எண் மட்டும் கூடுதல் என்றால் பம்பு தேய்ந்திருக்கலாம், வால்வு பாதி மூடியிருக்கலாம். அதை டேங்க் ஆபரேட்டரிடம் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும். ஆனால் அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற தொனியில் கேட்டால் லாக் புக் அன்றைக்கே அழகாகிவிடும்.

மூன்றாவது, புகார்ப் பதிவேடு. ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிய புகார்களில் இருபதை எடுத்து அவரவர்க்கு போன் போட்டுத் தண்ணீர் வந்ததா என்று கேளுங்கள். எண்பது சதவீதம் என்று கோப்பு சொல்வது அந்த இருபது போனில் எவ்வளவாகிறது என்று தெரிந்துவிடும். வேறு ஊர் ஆட்கள் உங்கள் புகார்தாரர்களுக்கும், நீங்கள் அவர்களுடையவர்களுக்கும் போன் போட்டால் இன்னும் நல்லது.

கசிவைப் பற்றி அறிய ஊர் முழுக்க மீட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு மேல்நிலைத் தொட்டியின் பகுதியை மட்டும் எடுத்து, தொட்டியிலிருந்து வெளியேறும் குழாயில் ஒரு மீட்டரும், அந்தப் பகுதியில் மாதிரிக்கு ஐம்பது வீடுகளில் மீட்டரும் வைத்தால் ஓரளவு நம்பகமான முதல் எண் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் ஆணையரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இப்படி அளக்கத் தொடங்கிய முதல் ஆண்டில் உங்கள் எண்கள் போன ஆண்டைவிட மோசமாக வரும். 135 என்று எழுதிவந்த இடத்தில் 90 வரலாம். மன்றத்துக்கு வைக்கும் அஜெண்டா குறிப்பில் பழைய எண், புதிய எண் இரண்டையும் போட்டு, பக்கத்தில் அந்த ‘ஏ’ முதல் ‘டி’ வரையிலான தரப் பத்தியையும் சேர்த்துவிடுங்கள். தண்ணீர் குறையவில்லை, அளக்கும் முறைதான் மாறியிருக்கிறது என்பதை அந்தப் பத்தி இல்லாமல் விளக்கப் புறப்பட்டால் கூட்டம் முடிய இரவாகிவிடும்.